யுபிஐ வரவும் ஜிஎஸ்டி நோட்டீஸும்: பெங்களூர் கடைக்காரருக்கு எது விற்பனை, எது வெறும் வரவு?

2025 ஜூலையில் பெங்களூரின் பல கடைகளில் க்யூஆர் அட்டை திடீரென்று காணாமல் போனது. அது தொங்கிய இடத்தில் 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' என்று எழுதிய காகிதம் வந்தது. கர்நாடக வணிக வரித்துறை ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அனுப்பிய நோட்டீஸ்தான் காரணம். 2021-22 முதல் 2024-25 வரையிலான நான்கு நிதியாண்டுகளில் யார் யாருக்கு யுபிஐ வழியாக எவ்வளவு பணம் வந்தது என்ற விவரத்தைத் துறை வாங்கிப் பார்த்தது. வரவு வரம்பைத் தாண்டியும் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களிடம் விளக்கம் கேட்டது. வியாபாரிகள் ஜூலை 25 அன்று கடையடைப்பு என்றார்கள். முதல்வர் சித்தராமையா 23ஆம் தேதி அவர்களைக் கூப்பிட்டுப் பேசிய பிறகு அது கைவிடப்பட்டது.

சத்தம் அடங்கிவிட்டது, குழப்பம் அடங்கவில்லை. ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர்களுக்கு இரண்டே கேள்விகள்தான். ஸ்கேன் பண்ணி வாங்குகிற காசுக்கு வரி உண்டா? வருஷ லாபமே இரண்டு, மூன்று லட்சம் என்றால் நோட்டீஸில் எட்டு லட்சம் எப்படி வரும்? முதல் கேள்விக்குப் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். இரண்டாவதுக்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

யுபிஐக்கு வரி கிடையாது

ஜிஎஸ்டி என்பது பொருளையோ சேவையையோ விற்பதன் மீது போடப்படும் வரி. காசு நோட்டாக வந்தாலும், போனில் வந்தாலும், அடுத்த மாதம் தருகிறேன் என்று கடன் நோட்டில் ஏறினாலும் விற்பனை விற்பனைதான். 2,000 ரூபாய்க்கு மேல் யுபிஐயில் அனுப்பினால் ஜிஎஸ்டி வரும் என்று 2025 ஏப்ரலில் ஒரு வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அப்படி எந்த யோசனையும் இல்லை என்று மத்திய நிதியமைச்சகமே மறுத்தது.

யுபிஐ செய்தது ஒன்றே ஒன்று: விற்பனையின் தடத்தைப் பதிவு செய்து வைத்தது. கல்லாவில் விழும் நோட்டுக்கு நினைவாற்றல் இல்லை. சவுண்ட் பாக்ஸ் சொல்லும் ஒவ்வொரு 'ரிசீவ்டு'க்கும் பின்னால் தேதி, நேரம், தொகை மூன்றும் இருக்கின்றன.

லாபம் அல்ல, மொத்த விற்பனை

வருமான வரி லாபத்தைப் பார்க்கிறது. ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு டர்னோவர், அதாவது ஒரு நிதியாண்டின் மொத்த விற்பனை, ஒன்றுதான் அளவுகோல். பால் பாக்கெட்டில் ஒரு ரூபாய் மிஞ்சினாலும், பாக்கெட்டின் முழு விலையும் டர்னோவரில் சேரும். பெட்டிக்கடைக்காரர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வரம்புகள் கர்நாடகத்தில் இப்படி இருக்கின்றன:

1. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். நாள் ஒன்றுக்குச் சுமார் 10,960 ரூபாய் வியாபாரம் நடந்தால் அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம்.

2. சேவை தருபவருக்கு 20 லட்சம். சட்டத்தின் கண்ணில் டீக்கடையும் மெஸ்ஸும் உணவக சேவை. 15 ரூபாய் டீ என்றால் நாளைக்கு 365 கிளாஸ். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை கிளாஸ். காலை ஏழு மணிக்கு ஐடி கம்பெனி வாசலில் நிற்கும் கடைக்கு இது பெரிய எண்ணே இல்லை.

3. பலருக்கும் தெரியாத விதி இது. 40 லட்ச வரம்பு ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருட்கள் விற்பவருக்குப் பொருந்தாது. அவர்களுக்குப் பழைய 20 லட்சமே. தயாரிப்பாளருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அறிவிக்கையில் இருப்பது 'விற்பவர்' என்ற பொருளில்தான். ஆக, பீடி சிகரெட் அடுக்கி, ஓரத்தில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருக்கும் சாதாரண பெட்டிக்கடைக்கு வரம்பு பாதியாகிவிடுகிறது.

4. வெளிமாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை விற்று அனுப்புபவருக்குப் பொதுவாக வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்து பதிவு வேண்டும். சிக்பேட்டையில் துணி எடுத்து ஓசூர்க் கடைக்குப் பார்சல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓசூர் நமக்குப் பக்கத்து ஊர், ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம்.

வரியில்லாப் பொருள் கணக்கில் வருமா?

வரும், ஆனால் வரம்பை எண்ணுவதற்கு மட்டும்தான். இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் வழுக்கும்.

பச்சைக் காய்கறி, பழம், பால், முட்டை, தேங்காய், இளநீர், பூ ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. இவற்றை மட்டுமே விற்பவர் கோடி ரூபாய்க்கு விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. கே.ஆர். மார்க்கெட்டில் உதிரிப்பூ மட்டும் விற்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அதே கடையில் ஒரு ரேக்கில் பிஸ்கட்டும் சோப்பும் வந்துவிட்டால் 'மட்டுமே' என்ற சலுகை போய்விடும். அப்போது 40 லட்ச வரம்பைக் கணக்கிட வரியில்லாப் பொருளின் விற்பனையும் சேர்த்தே எண்ணப்படும். வரி மட்டும் பிஸ்கட், சோப்பின் மீது.

சுருக்கமாக, வரம்பை எண்ணும்போது பால் உண்டு; வரி போடும்போது பால் இல்லை.

இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் நோட்டீஸ் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு, நாடு முழுக்கச் செய்தியான ஒரு கர்நாடக வியாபாரியின் கதை உதாரணம்; அவர் ஹாவேரியில் காய்கறி விற்பவர். நான்கு ஆண்டுகளில் அவருக்கு யுபிஐயில் வந்தது 1.63 கோடி ரூபாய். நோட்டீஸில் கேட்கப்பட்டது சுமார் 29 லட்சம். 1.63 கோடிக்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள், 29.34 லட்சம் வரும். விற்றது காய்கறியா, சோப்பா என்று கேட்கும் முன்பே தொகை எழுதப்பட்டால் இப்படித்தான் ஆகும். வரித்துறை வரம்பு தாண்டியவரிடம் கேள்வி கேட்பதில் தவறில்லை. வந்த பணம் முழுவதையும் விற்பனை என்றும், விற்பனை முழுவதையும் வரிக்குரியது என்றும் எடுத்துக்கொண்டு ஆரம்பித்ததுதான் தவறு.

ஒரு கடையின் கணக்கு

ஸ்ரீராமபுரத்தில் ஒரு பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்வோம். சிகரெட், ஐஸ்கிரீம் இல்லை. ஒரு நிதியாண்டில் யுபிஐயில் வந்தது 46 லட்சம். அதன் மீது கண்ணை மூடிக்கொண்டு 18 சதவீதம் போட்டால் 8.28 லட்சம். இனி அந்த 46 லட்சத்தைச் சலித்துப் பார்ப்போம்.

1. விற்பனையே அல்லாத வரவு. சீட்டு எடுத்த பணம் 3 லட்சம். மச்சான் திருப்பித் தந்த கைமாற்று 1.5 லட்சம். 'அண்ணா, ஸ்கேன் பண்றேன், ஐந்நூறு கேஷ் குடுங்க' என்று தெருக்காரர்கள் மாற்றிக்கொண்டு போனது வருஷம் முழுக்க 2.5 லட்சம். மொத்தம் 7 லட்சம் கழிந்தது. மீதி 39 லட்சம்.

2. 40க்குக் கீழே வந்துவிட்டதே என்று இங்கேயே நிறுத்த முடியாது. ரொக்க விற்பனையும் டர்னோவர்தான். அது 5 லட்சம் என்றால் மொத்தம் 44 லட்சம். கடை வரம்பைத் தாண்டிவிட்டது, பதிவு செய்திருக்க வேண்டும். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வது நல்லது.

3. இந்த 44 லட்சத்தில் பால், முட்டை, வாழைப்பழம், காய்கறி 26 லட்சம். வரிக்குரியது 18 லட்சம் மட்டுமே.

4. பொறுப்பு எந்த நாளில் தொடங்குகிறது? முதல் முறையாக வரம்பைத் தாண்டும் ஆண்டில், தாண்டிய பிறகு நடக்கும் விற்பனைக்குத்தான் வரிப் பொறுப்பு என்பதே பரவலாக ஏற்கப்பட்ட நிலை. அப்படிப் பார்த்தால் கடைசி 4 லட்சம்தான் கணக்கு. அதிலும் மேலே சொன்ன அதே விகிதத்தில் வரிக்குரியது சுமார் 1.64 லட்சம். எல்லாமே 18 சதவீதப் பொருள் என்று வைத்தாலும் வரி 30,000 ரூபாய்க்குள் அடங்கும். அடுத்த ஆண்டிலிருந்து ஏப்ரல் முதல் நாளே பொறுப்பு உண்டு, அது வேறு கதை.

8.28 லட்சம் எங்கே, 30,000 எங்கே! ஆனால் இந்தச் சல்லடையைத் துறை பிடிக்காது, கடைக்காரர்தான் பிடிக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்த பில்கள், பால் ஏஜென்ட் கணக்கு, சீட்டு நோட்டு, வங்கி அறிக்கை. பில் இல்லாமல் சரக்கு எடுப்பது மலிவு என்று பல ஆண்டுகள் பழகியவர்களுக்கு இந்த இடத்தில்தான் வலிக்கும்.

கையில் வந்த காகிதம் எது?

ஜூலையில் பயத்தைப் பெரிதாக்கியது இந்தக் குழப்பம். துறையிலிருந்து வரும் எல்லாக் காகிதத்தையும் நாம் 'நோட்டீஸ்' என்றே சொல்கிறோம். சட்டத்தில் அவை வெவ்வேறு படிகள்.

1. முன்னறிவிப்பு. 'எங்கள் கணக்குப்படி இவ்வளவு வரி தெரிகிறது, உங்கள் பதில் என்ன' என்று கேட்பது. டிஆர்சி-01ஏ என்ற படிவம் இந்த வகை. இது கட்டளை அல்ல. 2025 ஜூலையில் போனவை இறுதி வரிக் கோரிக்கை அல்ல என்று துறையும் பிறகு விளக்கம் தந்தது.

2. காரணம் கேட்கும் நோட்டீஸ். டிஆர்சி-01. இங்கிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத வழக்கில் வரியையும் வட்டியையும் நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. 2024-25 முதலான ஆண்டுகளுக்கு இது 60 நாள். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். தவறவிட்டால் அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. மோசடி, வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் வரிக்குச் சமமான அபராதம் வரை போகும்.

3. உத்தரவு. டிஆர்சி-07. இதற்கு மேல் விளக்கக் கடிதம் எழுதிப் பயனில்லை, மேல்முறையீடுதான். மூன்று மாதம் அவகாசம். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

பதிவே செய்யாதவர் என்பதால் வேறு எண்ணுள்ள படிவமும் வரலாம். எண்ணைவிட முக்கியம், காகிதம் பதில் கேட்கிறதா, பணம் கட்டச் சொல்கிறதா என்பது. பதில் கேட்கும் காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பதுதான் செய்யக்கூடாத ஒரே காரியம். பதில் வராவிட்டால் அதிகாரி கையில் இருக்கும் தகவலை வைத்துத் தானே தொகையை நிர்ணயிக்கலாம். அவர் கையில் இருக்கும் தகவல் அந்த 46 லட்சம்தான்.

நேரில் கேட்கப்படும் உரிமையும் உண்டு. பதிலில் 'நேரில் விளக்கமளிக்க வாய்ப்பு வேண்டும்' என்று எழுத்தில் ஒரு வரி சேர்த்தால், அந்த வாய்ப்பைத் தராமல் பாதகமான உத்தரவு போடக்கூடாது.

பதிவு செய்தால் 18 சதவீதம் கட்ட வேண்டுமா?

இல்லை. சிறு வியாபாரிக்காகவே காம்போசிஷன் என்ற திட்டம் இருக்கிறது. ஆண்டு விற்பனை 1.5 கோடி வரை இதில் சேரலாம். வாங்கி விற்கும் கடைக்கு வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம். டீக்கடை, மெஸ், சிறு ஹோட்டலுக்கு 5 சதவீதம். நமது ஸ்ரீராமபுரம் கடை இதில் இருந்திருந்தால் 18 லட்சத்துக்கு 18,000 ரூபாய், மாதம் 1,500. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும், ரிட்டர்ன் ஆண்டுக்கு ஒன்று.

இதற்கு விலையும் உண்டு. காம்போசிஷன் கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது, 1 சதவீதம் கடைக்காரர் பையிலிருந்துதான் போகும். சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழிக்க முடியாது. ஓசூருக்கு அனுப்ப முடியாது. பழைய ஆண்டுகளுக்குப் பின்தேதியிட்டு இதில் சேரவும் முடியாது. அதனால்தான் பழைய பாக்கிக்கு முழு வரி விகிதம் வந்து நிற்கிறது. நம் கணக்கில் முதல் ஆண்டு தப்பித்தாலும், அடுத்த ஆண்டும் அதே வியாபாரம் நடந்து பதிவு இல்லையென்றால், 18 லட்சத்துக்கும் 18 சதவீதம் போட்டு 3.24 லட்சம், வட்டி தனி. பதிவு தள்ளிப்போன ஒவ்வோர் ஆண்டும் 18,000க்கும் 3.24 லட்சத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளம் இது.

2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்களும் இறங்கியிருக்கின்றன. பிஸ்கட், மிக்சர், சோப்பு, ஷாம்பு போன்றவை 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. ஆனால் பழைய ஆண்டின் விற்பனைக்கு அந்த ஆண்டின் விகிதமே பொருந்தும்.

முதல்வர் கூட்டத்தில் கிடைத்த உறுதி, பதிவு செய்துகொள்ள முன்வருபவர்களிடம் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்பது. அதை நம்பலாம். ஆனால் கையில் நோட்டீஸ் இருப்பவர், அந்த நோட்டீஸ் கைவிடப்பட்டது என்று துறையிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பேச்சு செய்தித்தாளில் இருக்கும், நோட்டீஸ் கோப்பில் இருக்கும்.

க்யூஆரைக் கழற்றினால் தப்பிக்கலாமா?

நடந்து முடிந்த நான்கு ஆண்டுத் தரவு எங்கேயும் போகாது. மேலும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த யுபிஐ வரவு திடீரென்று நின்றால் அதுவே ஒரு தடயம். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கணக்குப் புத்தகம் இல்லாத சிறு வியாபாரி உத்தேச முறையில் வருமான வரி கட்டும்போது, ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்ட வேண்டும். டிஜிட்டலில் வந்தால் 6 சதவீதம் போதும். ஒரு வரிச் சட்டம் ஸ்கேன் பண்ணு என்று சலுகை தருகிறது, அந்த ஸ்கேனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கதவைத் தட்டுகிறது. கடைக்காரர் எரிச்சல்படுவதில் நியாயம் இருக்கிறது.

பெங்களூரில் மட்டுமல்ல

பிரேசிலில் நம் யுபிஐ மாதிரி பிக்ஸ் என்று ஒன்று, 2020 நவம்பரில் வந்தது. தனிநபருக்கு மாதம் 5,000 ரெயாலுக்கு (பிரேசில் நாணயம்) மேல், நிறுவனத்துக்கு 15,000க்கு மேல் பணம் புழங்கினால் அந்த விவரம் வரித்துறைக்குப் போகும் என்ற விதி 2025 ஜனவரி 1 அன்று அமலானது. பிக்ஸுக்கே வரி வருகிறது என்ற வதந்தி தீயாகப் பரவ, ஜனவரி 15 அன்றே அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது. இங்கே ஏப்ரலில் சுற்றியது போன்ற அதே வதந்தி.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 600 டாலருக்கு மேல் பணச் செயலி வழியாக வியாபார வரவு இருந்தால் தகவல் தர வேண்டும் என்று 2021இல் சட்டம் போட்டார்கள். அமல்படுத்துவதைத் தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் பழையபடி 20,000 டாலர், 200 பரிவர்த்தனை என்ற வரம்புக்கே திரும்பினார்கள். அங்கேயும் அறைத் தோழன் தந்த வாடகைப் பங்கு வருமானமாகத் தெரியுமோ என்பதுதான் மக்களின் பயம். நம்மூர்ச் சீட்டுப் பணத்தின் கதையேதான்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழி பிடித்தது. 2023 முதல் ஆன்லைன் தளங்கள் விற்பவர்களின் விவரத்தைத் தர வேண்டும். ஆண்டுக்கு 30 விற்பனைக்குக் குறைவாகவும், தொகை 2,000 யூரோவுக்கு மிகாமலும் பொருள் விற்பவருக்கு விலக்கு. வங்கி வரவை விட்டுவிட்டு விற்பனை நடக்கும் இடத்திலேயே எண்ணுவதால், கைமாற்றும் சீட்டும் கணக்கில் கலக்காது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை

1. கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, ஒரு க்யூஆர். வீட்டுக்கு வேறு. மச்சானுக்கும் சீட்டுக்காரருக்கும் கடை க்யூஆரைக் காட்டாதீர்கள். ஸ்கேன் பண்ணிக் கேஷ் கேட்பவருக்குக் கொடுத்தால் அன்றே நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

2. ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதா மாதம் விற்பனையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், ரொக்கத்தையும் சேர்த்து. வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், வாடகை ஒப்பந்தம் அல்லது மின் ரசீது, வங்கி விவரம் போதும். ஆடிட்டர் கேட்பது அவருடைய கூலி.

3. வரியில்லாப் பொருளின் கொள்முதல் பில்லைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

4. புதிதாகப் பதிவு செய்பவர் விண்ணப்பத்திலேயே காம்போசிஷனைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே சாதாரணப் பதிவில் இருப்பவர் அடுத்த நிதியாண்டுக்கு மாற வேண்டுமானால் மார்ச் 31க்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். தவறினால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.